சோத்துக்கைப் பக்கத்து முழங்கால்

கரடிக்கல் தோட்டத்தில் புஷ்பத்திடம் வழி கேட்ட வெளியூர்க்காரர் எவரும் போக வேண்டிய இடத்துக்கு நேரே போய்ச் சேர்ந்ததில்லை. அவள் பொய் சொல்லுகிறவள் அல்ல. கோளாறு அவள் கையில் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் வலது, இடது என்று யாரும் பேசுவதில்லை. சோறு தின்கிற பக்கம் சோத்துக்கைப் பக்கம். மற்றது நொட்டாங்கைப் பக்கம். புஷ்பம் பிறவியிலேயே இடது கைக்காரி. சோற்றையும் அந்தக் கையால்தான் தின்றாள். சின்ன வயதில் அவளுடைய அப்பா அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். அவள் இரண்டு வேளை பட்டினி கிடந்தாளே ஒழிய கையை மாற்றவில்லை. ஆகவே அவளுடைய சோத்துக்கை இடது பக்கம் இருந்தது. அதில் தவறொன்றும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. மற்றவர்கள்தான் திரும்பி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தோட்டத்து ஆட்கள் அவள் சொல்லும் வழியை மாற்றிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பழகாத விறகு லொறிக்காரர் ஒருவரும், குடிசனக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் ஒருவரும் ரப்பர் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயந்தரமாகத் திரும்பினார்கள். கரடிக்கல்லில் குடிசனமே இல்லை என்று உத்தியோகத்தர் எழுதிக்கொடுத்ததாகக் கேள்வி.

வழி காட்டுவதில் இப்படி இருந்த அந்தக் கை, பால் வெட்டுவதில் ருவான்வெல்லைப் பக்கம் முழுக்கப் பெயரெடுத்திருந்தது. முப்பத்தாறு வருஷமாக நாலாம் நம்பர் மலையில் முந்நூறு ரப்பர் மரங்கள் அவளுடையவை. வெட்டுச் சரிவு சரியா என்று பார்க்க மேற்பார்வை ஐயா தகட்டை வைத்து அளந்தால், தகடுதான் வளைந்திருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வரும்.

ஐம்பத்து நான்காவது வயதில் புஷ்பத்தின் இடது முழங்கால் தேய்ந்து வெளிப்பக்கமாக வளைந்தது. பால் வாளியோடு மலை இறங்கினால் இரண்டு மரத்துக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது. வேலுசாமி கங்காணி அவளை நாற்றுமேடையில் புல் பிடுங்கப் போட்டுவிட்டு, முந்நூறு மரங்களையும் ஜெயம்மாவிடம் கொடுத்தார். ஜெயம்மாவின் கத்தி பட்டையோடு நிற்காது. உள்ளே போய்க் கட்டையைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.

"ஒங்க மரமெல்லாம் எங்கிட்ட நல்லாப் பழகிருச்சுக்கா" என்றாள் ஜெயம்மா, காலையில் பெயர் கொடுக்கிற இடத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பழகல. பயந்துபோய் நிக்குது" என்றாள் புஷ்பம்.

கங்காணி நியாயஸ்தர். ஆவணி ஒன்றாம் தேதிக்குள் அவள் எங்கும் நிற்காமல் நாலாம் நம்பர் உச்சிக்கு ஏறிக் காட்டினால் மரங்கள் அவளுக்கே, இல்லாவிட்டால் ஜெயம்மா பேரில் எழுதிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை முன்னால் வைத்துச் சொன்னார். அப்போது 2008ஆம் ஆண்டுத் தை மாதம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் ஒரு தைலம் கொடுத்தார்கள். பிறகு அதே தைலத்தை வேறு போத்தலில் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினால் அதன் பணிப்பாளர் தன் படத்தையும் கூடப் போடச் சொல்வார். ஆகையால் விட்டுவிடுவோம். அங்கே அப்போதுதான் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர் ஒன்று நன்கொடையாக வந்திறங்கியிருந்தது. அதற்குப் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டி, குத்துவிளக்கேற்றி, தனி அறை கொடுத்து, அந்த அறைக்கு ஏசியும் போட்டிருந்தார்கள். பெண்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். கம்ப்யூட்டரின் அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். வார்டில் அந்தக் கட்டாயம் இல்லை. கழற்றி வைக்க இடமும் இல்லை.

விண்ணப்பம் எழுதும் மேசையில் புஷ்பம் சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள். ருவான்வெல்லைக் கடைவீதியில் கீரை வாங்குவதிலிருந்து சண்டை போடுவது வரை அவளுக்குச் சிங்களத்தில்தான் ஓடும். முழங்கால் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். தமிழ் நோயாளிகளை அவர்களுடைய தாய்மொழியில்தான் விசாரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. தனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று அவள் நல்ல சிங்களத்தில் சொன்னாள். அது அவளுடைய உரிமை, அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது என்று அவர் விளக்கினார். ஆஸ்பத்திரியின் மொழி உதவியாளர் மதியத் தொழுகைக்குப் போயிருந்ததால், உரிமை ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது.

அவர் பெயர் மஷூர். மருத்துவக் கோவைகள் வைக்கும் அறையில் கிளாக்கர். நல்ல மனிதர். புஷ்பத்தை அக்கா என்று கூப்பிட்டு, கதிரை தேடிப் போட்டு, படிவத்தை விரித்தார்.

"எந்தக் கால் அக்கா?"

புஷ்பம் தமிழில் யோசித்தாள். "சோத்துக்கைப் பக்கத்துக் காலுங்க தம்பி."

மஷூரின் வீட்டில் சோற்றை வலது கையால் தவிர வேறெந்தக் கையாலும் தொட்டவர் ஏழு தலைமுறையில் கிடையாது. அவர் தயங்காமல் 'தகுண' என்று எழுதினார். சிங்களத்தில் வலது. பிறகு அதைக் கம்ப்யூட்டரிலும் பதிந்தார்கள்.

எக்ஸ்ரேயும் படிவத்தின்படி வலது காலுக்கே எடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காலையும் எடுக்கிறார்கள் என்று புஷ்பம் நினைத்துக்கொண்டாள். நாற்பது விண்ணப்பங்களின் எக்ஸ்ரேக்களை முழங்கால் வழிகாட்டல் குழு ஒரு நாள் முழுக்கப் பரிசீலித்தது. முப்பத்தொன்பதும் மோசமாகத் தேய்ந்திருந்தன. திறப்பு விழாவுக்கு அவை பொருந்தாது என்று குழு கருதியது. ஒரேயொரு முழங்கால் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. புஷ்பம் முதல் பயனாளியாகத் தேர்வானாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றே நோயாளிகளுக்கான அறிமுகக் கூட்டம். பணிப்பாளர் பேச, பேச்சை மஷூர் வரிக்கு வரி தமிழாக்கினார். அங்கே இருந்த தமிழ் நோயாளி புஷ்பம் ஒருத்திதான். அவளுக்கு ஒவ்வொன்றும் இரண்டு தரம் விளங்கியது.

"மனிதன் தவறு செய்கிறவன். நானே பதினேழு வருஷம் செய்திருக்கிறேன். இனி எனக்கு அந்தத் தேவை இல்லை" என்றார் பணிப்பாளர். "எலும்பில் சின்னக் குண்டுகளைப் பொருத்துவோம். கம்ப்யூட்டரின் கண் அவற்றைப் பார்க்கும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு கோடு போடும். கோடு முழங்காலின் நடுவால் போனால் திரையில் பூச்சியம் வரும். பூச்சியம்தான் நமது இலட்சியம். என் காலத்தில் இந்த ஆஸ்பத்திரியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவராமல் ஓய மாட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் தாதி வந்து புஷ்பத்தின் வலது தொடையில் நீல மையால் பெரிய அம்புக்குறி போட்டாள். புஷ்பம் அந்தக் காலைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் வலிக்காத கால். "மிஸ், இது நல்ல கால். வலிக்கிறது மத்தது" என்று சிங்களத்தில், இடதுக்கு வம என்றும் வலதுக்குத் தகுண என்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னாள்.

தாதி கோவையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மறுபடியும் கோவையைப் பார்த்து, அதுதான் தெளிவாக எழுதியிருந்தபடியால் அதையே நம்பினாள். மாற்றுவதானால் திருத்தப் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தைக் குழு ஏற்க வேண்டும். குழு கூடுவது விழா முடிந்த பிறகு. கம்ப்யூட்டருக்கு ஒரு தரம் சொன்னதை மறுதரம் மாற்றிச் சொன்னால் அது குழம்பிவிடும் என்று பயிற்சிக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பெயரை வெட்டிக்கொண்டு போனால் அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும்.

"முதலில் இந்தக் காலை முடித்துக்கொள்ளுங்கள். வலி இருக்கிற காலைப் பிறகு பார்ப்போம்" என்றாள் தாதி, ஆறுதலாக.

இரண்டு வருஷம் ஜெயம்மாவின் கத்திக்கு அடியில் தன் முந்நூறு மரங்களும் நிற்பதை நினைத்துப் பார்த்தாள் புஷ்பம். திருத்தப் படிவத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விழா நாளில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மேலே எல்லாம் விழித்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசேட விருந்தினர்கள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியோடு நின்றார். சத்திரசிகிச்சை செய்ய வந்தவர் டொக்டர் திலின என்ற இளைஞர். முந்தின வாரந்தான் மாற்றலாகி வந்தவர். அவர் எலும்பில் நான்கு சின்னத் துளை போட்டுக் குண்டுகளைப் பொருத்தி, காலைத் தூக்கி வட்டமாகச் சுற்றினார். திரையில் ஒரு கோடு தோன்றியது.

புஷ்பம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கோணம் பார்க்கிற கண் அது. கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. திரையில் பூச்சியம் விழுந்தது. மணியடித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"சேர்," என்றார் டொக்டர் திலின மெதுவாக. "நான் இன்னும் வெட்டவே இல்லை. இது நல்ல முழங்கால்."

"நல்லதென்றுதானே தேர்ந்தெடுத்தோம்" என்றார் பணிப்பாளர், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு. "பூச்சியம் வந்துவிட்டது. இனி வெட்டினால் கூடும். விருந்தினர் முன்னால் கூட்டிக் காட்டப் போகிறீர்களா? விதிக்கோவையில் ஏழாவது பிரிவைப் படியுங்கள். பூச்சியம் வந்ததும் சத்திரசிகிச்சை முடிந்தது."

டொக்டர் திலின ஏழாவது பிரிவைப் படித்தார். அப்படித்தான் இருந்தது.

கையை எடுத்துவிட்டுப் பணிப்பாளர் அறிவித்தார்: பதினொரு நிமிஷம், ஒரு துளி இரத்தம், பழைய முழங்கால்கூட வீணாகவில்லை. புஷ்பம் சிங்களத்தில் மற்றக் காலைப் பற்றி ஏதோ சொன்னாள். நோயாளி ஆனந்தத்தில் பேசுகிறார் என்று அவர் விருந்தினர்களுக்கு விளக்கினார். துளைக்கு ஒரு தையலாகப் போட்டு, சட்டமிட்ட சான்றிதழோடு அவளை வார்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மஷூர் திருப்திப் படிவம் நிரப்ப வந்தார். புஷ்பத்தின் புருஷன் இராமசாமி கொண்டுவந்த சோற்றுப் பார்சலை விரித்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிற பெண்பிள்ளையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று மஷூர் சுவரைப் பார்த்தபடி கேள்விகளைக் கேட்டார். நான்காவது கேள்வியில் தற்செயலாகத் திரும்பினார். பேனா நின்றது.

"அக்கா, எந்தக் கையால சாப்பிடுறீங்க?"

"சோத்துக்கையாலதான், தம்பி" என்றாள் புஷ்பம், பருப்பைப் பிசைந்த இடது கையைத் தூக்கிக் காட்டி.

மஷூர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சாப்பாட்டை நினைத்து அதிர்ந்தார். அப்புறம் காலை நினைத்து அதிர்ந்தார். "யா அல்லாஹ். என்னாலதான்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க மேல என்னா தப்பு? நான் சிங்களத்துல சொல்றேன்னுதான் சொன்னேன். அவுங்கதான் உரிமைன்னாங்க."

இராமசாமி திருத்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டார். மஷூர் தலையை ஆட்டினார். தவறு என்று எழுதினால் தவறு நடந்ததாக ஆகிவிடும். அப்படி ஒன்று நடந்ததாகக் காட்டும் காகிதம் எந்த மேசையையும் தாண்டாது. அவர் பதினெட்டு வருஷம் கோவைகளோடு குடித்தனம் நடத்தியவர். அன்று பின்னேரம் புதிய காகிதத்தில் 'இரண்டாம் கட்டம்' என்று தலைப்பிட்டு எழுதினார்: நோயாளியின் வலது கால் பூச்சியத்தை அடைந்துள்ளது. இடது கால் ஒன்பது பாகை வளைந்து கிடப்பதால், பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நிறுவனத்தின் சாதனை எடுபடவில்லை. பணிப்பாளர் நின்றபடியே கையெழுத்து வைத்தார்.

பங்குனியில் இரண்டாம் கட்டத்துக்காகப் புஷ்பம் வந்தபோது கம்ப்யூட்டர் ஊரில் இல்லை. அதைக் கண்காட்சிக்குக் கொழும்புக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். அதன் அறையில் ஏசி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. விருந்தினரும் மாலையும் இல்லாத ஒரு வியாழக்கிழமை, பக்கத்துச் சாதாரண அறையில் டொக்டர் திலின கையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றறிக்கை அந்த அறைக்கு எட்டியிருக்கவில்லை. இருவரும் சிங்களத்திலேயே பேசினார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாமல் கோணம் எப்படித் தெரியும் என்று கேட்டாள் புஷ்பம். கம்பி இருக்கிறது, கண் இருக்கிறது என்றார் அவர். அந்த மெஷின் கெட்டதா என்றாள். நல்ல மெஷின், எந்தக் கால் என்று மட்டும் அதற்கு யாராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்றார்.

"நீங்கள் மரத்தில் சரிவை எதை வைத்துப் பார்ப்பீர்கள்?"

"கண்ணை வைத்துத்தான்."

"அப்படியென்றால் பேசாமல் படுங்கள்."

அவள் பேசாமல் படுத்தாள். தேய்ந்த முழங்கால் போய்ப் புதியது வந்தது. குந்தி உட்காரக் கூடாது என்று டொக்டர் சொன்னதற்காக இராமசாமி பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டுக் கக்கூசில் வைத்தார். லயத்து வீட்டு ஆட்கள் அதை வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புஷ்பம் முதலில் வாசல் வரை நடந்தாள், பிறகு கோயில் வரை, பிறகு நாற்றுமேடை வரை. மலையேறிப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை. ஏறித் தோற்றால் மரங்கள் போய்விடும். ஏறாமலே இருந்தாலும் போய்விடும். ஆடி முடிய மூன்று நாள் இருந்தது.

அப்போதுதான் மஷூரின் போன் வந்தது. முதல் பயனாளியையும் கம்ப்யூட்டரையும் தோட்டத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று பணிப்பாளருக்குத் தோன்றியிருந்தது. கம்ப்யூட்டர் லொறியில் வருகிறது, பின்னால் ஜீப்பில் பணிப்பாளர் வருகிறார், சந்தியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?

புஷ்பம் நன்றாக யோசித்தாள். தன்னுடைய சோத்துக்கையால் பட்டது போதும் என்று நினைத்தாள். மஷூர் தம்பிக்கு விளங்குகிற மாதிரி, ஊராருடைய சோத்துக்கையைச் சொல்லுவோம். சரியான பாதை வலது பக்கம் இருந்தது.

"சோத்துக்கைப் பக்கம் திரும்பச் சொல்லுங்க தம்பி."

மஷூரும் நன்றாக யோசித்தார். ஒரு தரம் ஏமாந்தது போதும். இந்த அக்காவின் சோத்துக்கை எது என்று இப்போது அவருக்குத் தெரியும். "வமட்ட" என்றார் பக்கத்தில் இருந்த லொறிச் சாரதியிடம். இடது பக்கம்.

துரை, கங்காணி, ஜெயம்மா எல்லாரும் மாலையோடு ஆபீஸ் வாசலில் காத்திருந்தார்கள். மழை தூறியது. வெகு நேரம் கழித்து எங்கோ மேலே ஹோர்ன் சத்தம் கேட்டது. கேட்டதும் புஷ்பத்துக்கு இடம் தெரிந்துவிட்டது. நாலாம் நம்பர் உச்சி. பால் வண்டி போகிற ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமும் பள்ளம். சேற்றில் பின்னோக்கி வந்தால் எந்தத் திருப்பத்திலும் உருளலாம். அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தவர் ஒருவர்தான்.

"நான் போறேன்" என்றாள்.

குடை பிடிக்க என்று கங்காணியும் கூடப் போனார். அவள் முதல் நூறு மரத்தில் முழங்காலைக் கவனித்துக்கொண்டே ஏறினாள். அடுத்த நூறில் மரங்களைக் கவனித்தாள். ஜெயம்மாவின் வெட்டுகள் பட்டையில் பல் பதிந்த மாதிரி இருந்தன. அந்தக் கோபத்தில் முழங்காலை மறந்துபோனாள். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது குடை கீழே ஒரு வளைவில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

லொறி சக்கரம் வரை புதைந்திருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே கம்ப்யூட்டர் பிரித் நூலோடு நனையாமல் இருந்தது. பணிப்பாளர் ஜீப்பை விட்டு இறங்காமலே, தாங்கள் வழி தவறவில்லை என்றும், நோயாளியின் வேலைத்தளத்தை நேரில் பரிசோதிக்க வந்ததாகவும் சொன்னார். மஷூர் அதைத் தமிழாக்க வாயெடுத்தார். புஷ்பம் அவரைக் கையமர்த்திவிட்டு, சாரதியைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினாள்.

ரப்பர்க் கிளைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து லொறியை எடுத்து, உச்சியில் பால் வாளிகள் சேர்க்கிற சமதரையில் திருப்ப வைத்தாள். பிறகு அதற்கு முன்னால் நடந்தாள். "வமட்ட... தகுணட்ட... ஹரி, ஹரி, எண்ட" என்று லொறியை வரச் சொல்லி இரண்டு கையாலும் காட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு தரமும் பிசகவில்லை. அவளுக்குப் பின்னால் லொறி, அதற்குப் பின்னால் ஜீப், கடைசியாகக் குடை. படம் பிடிப்பவர் கீழ் வளைவில் நின்று எடுத்துக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் கங்காணி மூச்சு வாங்கியபடி, இது மெஷினுக்காக ஏறினது, மரத்துக்காக ஏறினதில்லை என்று ஒரு நியாயம் எடுத்தார்.

"நிக்காம ஏறச் சொன்னீங்க. நிக்காம ஏறுனேன்" என்றாள் புஷ்பம். "ரெண்டு எடத்துல ஒக்காந்தது நீங்க."

துரை சிரித்துவிட்டார். அதன் பிறகு கங்காணி எழுத வேண்டியதை எழுதினார். ஜெயம்மா தன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள். "அந்த மரமெல்லாம் பால் குடுக்காத மரம்" என்றாள்.

பணிப்பாளர் புஷ்பத்தின் தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றபடி, கம்ப்யூட்டர் சரி செய்த கால் எது என்று கேட்டார். கேள்வி தமிழாகி வந்தது. "சோத்துக்கைப் பக்கத்துக் கால்தாங்க" என்றாள் அவள். மஷூர் பேனாவை எடுத்தார், அவளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு அதைத் தமிழிலேயே எழுதி வைத்தார்.

அந்தப் படம் ஆஸ்பத்திரியின் வருடாந்த அறிக்கையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. 'கணினி வழிகாட்ட நோயாளி மலையிறங்குகிறார்' என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். யார் முன்னால் போகிறார்கள், எது பின்னால் வருகிறது என்பதில் சின்னப் பிழை ஒன்று இருப்பதாக மஷூர் திருத்தப் படிவம் போட்டிருக்கிறார். குழு இன்னும் கூடவில்லை.